அவல் பார் உதிருது, பாகுப் பதம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் வேன் வர்ற அவசரத்துல என் பசங்க ரெண்டு பேரும் இட்லியைத் தொடவே மாட்டேங்கறாங்க. கடையில விக்கிற சீரியல் பார் (தானியத்தை இனிப்பு சேர்த்துக் கட்டின துண்டு) தினம் ரெண்டுன்னா மாசக் கணக்குப் பார்த்தாலே தலை சுத்துது. அதான் வீட்டுலயே அவல்ல செய்ய இறங்கிட்டேன்.

சிவப்பு கெட்டி அவல் ஒரு கப், கம்பு அவல் அரை கப், வறுத்துத் தோல் ஊதின வேர்க்கடலை அரை கப், ரெண்டு ஸ்பூன் எள்ளு. எல்லாத்தையும் தனித்தனியா வெறும் வாணலியில வறுத்து, முக்கால் கப் வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டிப் பாகு வச்சேன்.

முதல் தடவை கடலை மிட்டாய்ப் பதம். தண்ணியில விட்ட பாகைத் தட்டுல போட்டா ‘டங்’னு சத்தம் வந்துச்சு. எனக்கு ஒரே பெருமை! ஆனா ஆறினதும் கத்தி இறங்கல, சின்னவன் பல்லைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். அடுத்த தடவை பாகு உருட்ட வந்ததுமே இறக்கிட்டேன். மறுநாள் டப்பாவைத் திறந்தா பிசுபிசுன்னு, எடுத்தா பொலபொலன்னு உதிருது.

கடிக்கவும் வரணும், உதிரவும் கூடாதுன்னா எந்தப் பதத்துல இறக்கணும்? கடலையில கொஞ்சத்தை விழுதா அரைச்சுச் சேர்த்தா பிடிக்குமா? இல்ல பேரீச்சம்பழமா?

இன்னொண்ணு. இதே கலவையைப் பால்ல போட்டா ரெண்டு நிமிஷத்துல கூழாயிடுது. மொறுமொறுப்பு நிக்க என்ன வழி?

வீட்டுல ஓவன் கிடையாது, கேஸ் அடுப்புதான். தேன், பாதாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, பட்ஜெட் தாங்காது.