“ஒரு கட்டிங்தானே”: ட்யூஷன் சென்டர் நோட்டீஸில் ஞாபகமறதியைப் பற்றி என்ன எழுதலாம்?

மின்ட் மணிக்கூண்டு:
பிளஸ் டூ ரிசல்ட் வர்ற ராத்திரி, ஆடிக் கூழ், ஃபுட்பால் டோர்னமென்ட் ஃபைனல். இந்த மாதிரி நாள்லதான் பசங்க மொத்தமா உக்காந்து வேகமா ஊத்திக்கறாங்க. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் இருக்கற சாயங்கால ட்யூஷன் சென்டர்கள்ல ஒட்டறதுக்கு ஒரு நோட்டீஸ் தயாராகுது. முதல் வரி இது: “ஒரே ஒரு முறை அளவுமீறிக் குடித்தாலும் மூளை செல்கள் செத்துவிடும், ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும்.” திருத்தம் இருந்தா சொல்லுங்க. வரியைத் தணிக்கச் சொல்லாதீங்க.

பட்டாளம் மார்க்கெட்:
தணிக்க வேணாம், எடுத்தே விடுங்க. ஒரு ராத்திரி குடியில நிரந்தரமா ஞாபகம் போகும்னு சொல்ற அளவுக்கு மனுஷங்ககிட்ட ஆதாரம் கிடையாது. பதினேழு வயசுப் பையன் இதைப் படிப்பான். போன மாசம் மட்டையான கூட்டாளி கெமிஸ்ட்ரில தொண்ணூறு வாங்கினதையும் பார்ப்பான். அப்புறம் அந்த நோட்டீஸ்ல இருக்கற உண்மையைக்கூட நம்ப மாட்டான்.

எண்ணூர் கழிமுகம்:
அந்த வரி தப்பு, ஆனா விஷயம் சின்னது இல்ல. அன்னிக்கு ராத்திரி மூளையில என்ன நடக்குதுன்னு எழுதினாலே போதும், பயம் தானா வரும்.

புது நினைவு பதியறதுக்கு ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி வேலை செய்யணும். நரம்பு செல்கள் நடுவுல இணைப்பை பலப்படுத்தற என்எம்டிஏ ஏற்பிகளை ஆல்கஹால் அமுக்கும். செல்களை அடக்கி வைக்கற காபாங்கற ரசாயனத்தோட வேலையைத் தூக்கி விடும். ரெண்டும் சேர்ந்தா பதிவு நின்னுடும். ஆள் மயங்கல. பேசுவான், பாடுவான், பைக் சாவியைக் கேட்பான். சிசிடிவில லைவ் ஓடுது, ஹார்ட் டிஸ்க்ல ஏறல, அவ்வளவுதான். இதுதான் பிளாக்அவுட். “தூங்கிட்டேன் போல”ன்னு மறுநாள் அவன் நினைக்கறது தப்பு. தூங்கவே இல்ல.

1970ல டொனால்ட் குட்வின்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர் நேரடியாவே சோதிச்சுப் பார்த்தார். குடிச்ச ஆளுங்ககிட்ட பொருளைக் காட்டி, ரெண்டு நிமிஷம் கழிச்சு கேட்டா சரியா சொன்னாங்க. அரை மணி கழிச்சு கேட்டா, பிளாக்அவுட்ல இருந்தவங்களுக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியல. அதனாலதான் பக்கத்துல இருக்கறவனுக்கும் கண்டுபிடிக்க முடியாது. கேள்விக்கு பதில் வருதேன்னு “இவன் ஸ்டெடி”ன்னு முடிவு கட்டிடுவான்.

பட்டாளம் மார்க்கெட்:
இதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா எவ்வளவு குடிச்சா இது வரும்? பிளாக்அவுட்னா பழைய குடிகாரனுக்கு வர்றதுன்னுதான் தெருவுல பேச்சு.

எண்ணூர் கழிமுகம்:
1946ல ஜெல்லினெக்னு குடிநோயை ஆராய்ஞ்ச ஒருத்தர் அப்படித்தான் எழுதினார். அவர் கேட்டதே குடிநோயாளிங்ககிட்டதான். பின்னால வந்த ஆய்வுகள்ல எப்பவாவது குடிக்கற காலேஜ் பசங்களுக்கும் இது சகஜம்னு தெரிஞ்சுபோச்சு. எத்தனை வருஷமா குடிக்கறான்ங்கறதை விட, ரத்தத்துல எவ்வளவு வேகமா ஏறுதுங்கறதுதான் முக்கியம்.

கணக்கு போடுவோம். குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில 61 கிராம். 50 கிலோ பையன் உடம்புல அது பரவற இடம் சுமார் 34 கிலோ. வெறும் வயித்துல மடமடன்னு இறக்கினா, 100 மில்லி ரத்தத்துக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராம். வண்டி ஓட்ட சட்டம் விடற எல்லை 30. பிளாக்அவுட் பெரும்பாலும் 160 பக்கத்துல ஆரம்பிக்கும், சிலருக்கு அதுக்குக் கீழேயே. அரைக் குவார்ட்டர், அதான் கட்டிங், 90 வரைக்கும் ஏத்தும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள 80ஐத் தொடற குடியைத்தான் அமெரிக்காவோட அரசு மது ஆராய்ச்சி நிறுவனம் என்ஐஏஏஏ மிதமிஞ்சின குடின்னு வரையறுக்குது. ஆக “ஒரு கட்டிங்தானே”ங்கறதே அந்தப் பையனுக்கு அந்த வரையறையில வந்துடுது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில்ல 41 கிராம் இருக்கு. பீர்தானேன்னு விடறதும் கட்டிங்கைத் தாண்டித்தான் நிக்குது.

கொருக்குப்பேட்டை கேட்:
கணக்குல பொண்ணுங்களை விட்டுட்டீங்க. 45 கிலோ பொண்ணுக்கு அந்தப் பரவற இடம் சுமார் 25 கிலோதான். அதே கட்டிங் 120க்கு ஏத்தும். தோழிங்க கூட உக்காந்து “ஈக்வலா” ஊத்திக்கிட்டா ஈக்வல் ஆகறதில்ல. பதிவாகாத அந்த நேரத்துல அவளுக்கு யார் என்ன செஞ்சாலும் மறுநாள் சொல்ல வார்த்தை இருக்காது. போட்டோ, மெசேஜ் ஏதாவது பார்த்து துண்டு துண்டா ஞாபகம் வந்தா அது அரைகுறை மறதி. முழு பிளாக்அவுட்னா என்ன காட்டினாலும் வராது, பதிவே ஆகலையே.

மின்ட் மணிக்கூண்டு:
கிராம், மில்லிகிராம் எல்லாம் போட்டா என்ன ஆகும் தெரியுமா? “அப்ப முக்கா கட்டிங் சேஃப்”னு ஒருத்தன் கணக்கு போடுவான். நம்ம பசங்க கேரம் போர்டுல கோணம் பார்க்கறவனுங்க, இதுல பார்க்க மாட்டானுங்களா? இங்க குடிக்கறதுக்கு சட்ட வயசு 21. வேற எண்ணே நோட்டீஸ்ல வரக்கூடாது.

எண்ணூர் கழிமுகம்:
அண்ணே, கணக்கு நமக்கு, நோட்டீஸுக்கு இல்ல. “கட்டிங்கும் குறைவு இல்லை”ங்கற ஒரு வரி மட்டும் போகட்டும். முக்கியமா சேர்க்க வேண்டியது இன்னொண்ணு. 1990கள்ல ட்யூக் பல்கலைக்கழகத்துல எலிகளை வெச்சு செஞ்ச ஆய்வுகள்ல, விடலை எலிக்கு தள்ளாட்டமும் தூக்கமும் வளர்ந்த எலியை விடக் குறைச்சல். ஆனா நினைவு, கற்றல் அதுக்குத்தான் அதிகமா அடிபட்டுது. மனுஷப் பசங்களுக்கு இதே சோதனையைச் செய்ய முடியாது, நியாயமும் இல்ல. ஆனா “எனக்கு ஏறவே இல்ல மச்சி”ன்னு அடுத்ததை ஊத்தற பழக்கத்துக்கு இது பொருந்திப் போகுது. “நிறுத்து”ன்னு உடம்பு தர்ற சைகை அந்த வயசுல லேட்டா வருது.

பட்டாளம் மார்க்கெட்:
எலி விஷயம் சரி. நீண்டகால பாதிப்புன்னு வரும்போதுதான் எல்லாரும் தாவறீங்க. 2000ல டி பெல்லிஸ் குழு, மதுப்பழக்க நோய் உள்ள விடலைகளுக்கு ஹிப்போகேம்பஸ் சின்னதா இருக்குன்னு சொன்னாங்க. அதுல அந்தப் பசங்க 12 பேர், ஒப்பிட 24 பேர். ஒரே ஒரு தடவை ஸ்கேன். குடிச்சதால சுருங்குச்சா, ஏற்கெனவே சின்னதா இருந்ததால குடிக்குப் போனானா, எப்படித் தெரியும்? 12, 14 வயசுல, குடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்த ஸ்கேனையும் திறன் சோதனையையும் வெச்சு, யார் பின்னால குடிக்க ஆரம்பிப்பாங்கன்னு ஓரளவு கணிச்ச ஆய்வும் இருக்கு.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டீங்க: படிச்சு முடிச்சதும் குடிச்சவங்களுக்கு, படிச்சது கொஞ்சம் நல்லாவே நினைவிருந்ததுன்னு சில சோதனைகள் சொல்லுது.

எண்ணூர் கழிமுகம்:
ஆமா, உண்மை. குடிச்சப்புறம் புதுசா எதுவும் பதியாததால, முன்னாடி படிச்சதை எதுவும் இடிக்கல. அந்த சோதனைகள்ல சின்ன வார்த்தைப் பட்டியல் மாதிரிதான் கொடுத்தாங்க. பிளஸ் டூ பிசிக்ஸுக்கு அதை இழுக்காதீங்க. ரத்தத்துல இருந்து ஆல்கஹால் மணிக்கு சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். ராத்திரி ஒம்பது மணிக்கு 165ல இருக்கறவன் பூஜ்யத்துக்கு வர்றதுக்கு காலை எட்டு ஆகும். அதுவரைக்கும் தூக்கத்துல கனவு வர்ற கட்டம் குறையும், பின்ராத்திரி தூக்கம் உடைஞ்சு உடைஞ்சு வரும். எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸ்ல அவன் உக்காந்திருப்பான், பாடம் ஏறாது.

குடி முன்னயா, மூளை வித்தியாசம் முன்னயாங்கற பிரச்சினைக்குத்தான் அமெரிக்காவுல என்கேண்டான்னு ஒரு தொடர் ஆய்வு. 12லிருந்து 21 வயசு வரைக்கும் 831 பேர், பெரும்பாலானவங்க அதிகம் குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஸ்கேன் எடுத்து, வருஷா வருஷம் திரும்ப எடுத்தாங்க. எல்லா விடலைக்கும் வயசோட மூளையோட சாம்பல் நிறப் பகுதி மெலியறது இயல்பு. அதிகம் குடிக்க ஆரம்பிச்சவங்களுக்கு, முக்கியமா முன்பக்கத்துல, அது வேகமா மெலிஞ்சது. ஏற்கெனவே இருந்த வித்தியாசம்னு மட்டும் சொல்லி இதைத் தள்ள முடியாது.

பட்டாளம் மார்க்கெட்:
வேகமா மெலியறதும் ஞாபகம் போறதும் ஒண்ணு இல்ல. “அடிக்கடி குடித்தால் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம்”னு எழுதுங்க, கையெழுத்து போடறேன். “நிரந்தரம்”னா போட மாட்டேன்.

கொருக்குப்பேட்டை கேட்:
நீங்க ரெண்டு பேரும் மூளைக்குள்ளயே இருக்கீங்க. ஞாபகம் போறதுக்கு முன்னாடி உயிர் போகாம இருக்கணும். நோட்டீஸ்ல பாதி இடம் எனக்கு வேணும்.

மட்டையானவனை மல்லாக்கப் போடாதீங்க, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மேல் காலை மடக்கி முன்னால வெச்சா உருள மாட்டான். வாந்தி மூச்சுக்குழாய்ல போறதாலதான் பல சாவு. மோர், எலுமிச்சை, காபி, தலையில தண்ணி, எதுவும் போதையை ஒரு நிமிஷம்கூட முன்னாடி இறக்காது. அரை மயக்கத்துல வாயில ஊத்தினா புரை ஏறும், பச்சைத் தண்ணி உடம்புச் சூட்டை இறக்கும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. தட்டிக் கூப்பிட்டும் எழலையா, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல பத்து செகண்டுக்கு மேல இடைவெளியா, உதடு நீலமா, உடம்பு ஜில்லுனு இருக்கா, எது இருந்தாலும் 108. குறைஞ்ச வயசுல ரத்தச் சர்க்கரையும் சட்டுனு இறங்கும், அதை வீட்டுல பார்க்க முடியாது. விழுந்து தலையில அடிபட்டவனும் மட்டை மாதிரியேதான் தெரிவான். காதுல மூக்குல ரத்தம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரிதான் கிட்ட, ராத்திரி பூரா கேஷுவாலிட்டி உண்டு.

மின்ட் மணிக்கூண்டு:
சரி, புது வரி: “கட்டிங்கும் குறைவு இல்லை. வேகமாகக் குடித்தால் நீ பேசிக்கொண்டே இருப்பாய், மூளை பதிவு செய்யாது. அடிக்கடி குடித்தால் படிப்பில் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம்.” கீழே 108, படுக்க வைக்கற முறை, படத்தோட. இன்னொண்ணும் சேர்க்கறேன்: பதினெட்டு ஆகாதவனுக்கு சரக்கு கொடுத்தா சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவுல ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். இது வாங்கித் தர்ற அண்ணன்மாருக்கு.

பட்டாளம் மார்க்கெட்:
“வாய்ப்பு” இருக்கறதால ஒத்துக்கறேன். ஜெயில் வரி மட்டும் வேற தாள்ல தனியா போகட்டும். கேஸ் ஆகும்னு பயந்தா, மட்டையானவனை மாடியில படுக்கப் போட்டுட்டு ஓடுவானுங்களே தவிர, 108 அடிக்க மாட்டானுங்க.

கொருக்குப்பேட்டை கேட்:
அதேதான். ஜெயில் வரியை வேணும்னா டாஸ்மாக் இருக்கற தெரு முனையில ஒட்டுங்க. சென்டர்ல ஒட்டறதுல 108தான் பெரிய எழுத்து.