பராமரிப்பு நேரத்தில் ஏபிஐ கண்காணிப்பை நிறுத்துவதா, அலர்ட்டை மட்டும் அடக்குவதா?

டிக்கெட்_ராத்திரி:
பஸ் டிக்கெட் பதிவு ஏபிஐ (மற்றவர்களின் நிரல்கள் டிக்கெட் பதிய வந்து பேசும் வாசல்) எங்களுடையது. மாதத்தில் ஒரு ஞாயிறு, அதிகாலை 2 முதல் 4 வரை டேட்டாபேஸ் வேலைக்காக மூடிவைப்போம். கண்காணிக்க புரோமிதியஸ் (அளவுகளைச் சேகரிப்பது), பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் (ஏபிஐயை வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பது), அலர்ட்மேனேஜர் (அலர்ட்டை ஆளுக்கு அனுப்புவது) என்று வழக்கமான கூட்டணிதான். மூடியதுமே ஆன்-கால் ஆளின் (அவசரத்துக்கு எழுப்பவென்று முறை போட்டிருப்பவர்) போன் அலற ஆரம்பித்துவிடும். அவரும் என்ன ஏது என்று பார்க்காமல் ‘அக்னாலெட்ஜ்’ தட்டிவிட்டுத் தூங்கப் பழகிவிட்டார். எனக்குக் கவலை அதுதான். எக்ஸ்போர்ட்டரையே அந்த ரெண்டு மணி நேரம் நிறுத்திவிடு என்கிறார் மேனேஜர். செய்யலாமா?

மூத்த_சர்வர்:
வேண்டாம். எக்ஸ்போர்ட்டரை நிறுத்தினால் அந்த ஜாபின் ‘அப்’ மதிப்பு (புரோமிதியஸால் அதை எட்ட முடிகிறதா என்று காட்டுவது) 0 ஆகும். அதற்கு ஒரு விதி எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து கத்தும். அதுகூடப் பரவாயில்லை. டேட்டாபேஸ் வேலை முடிந்து ஏபிஐ ஒழுங்காக எழுந்ததா, எழுந்தும் தள்ளாடுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் கிராப் காலியாகக் கிடக்கும். சோதனை பாட்டுக்கு ஓடட்டும். அலர்ட்மேனேஜரில் சைலன்ஸ் (குறித்த நேரம்வரை அறிவிப்பை அடக்கிவைப்பது) போடுங்கள், போன் மட்டும் அடங்கும்.

ஆனால் எந்த அலர்ட் அடங்க வேண்டும் என்று சொல்லும் லேபிளைக் குறுக்கிப் போடுங்கள். சோம்பல்பட்டு எல்லா அலர்ட்டுக்கும் பொருந்துகிற மாதிரி போட்டால் ‘வாட்ச்டாக்’கும் அடங்கிவிடும் (வைத்திருக்கிறீர்கள்தானே?). எந்நேரமும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டிய அலர்ட் அது. நின்றுபோனால் வெளியே காத்திருக்கும் சேவை, கண்காணிப்பே செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஆளை எழுப்பிவிடும்.

கையால் போடாமல் பராமரிப்பு ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடுங்கள். தொடக்கத்தில் ஆம்டூல் (அலர்ட்மேனேஜருக்கான கட்டளைவரிக் கருவி) மூலம் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு சைலன்ஸ். அது தரும் ஐடியைப் பிடித்துவைத்து, வேலை முடிந்து சோதனை டிக்கெட் ஒன்று பதிவானதும் எக்ஸ்பயர் செய்யுங்கள். கால அளவைக் கொடுக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்குத்தான் போடும், கவனம். வேலை இழுத்தடித்து சைலன்ஸ் தானே முடிந்து அலர்ட் வந்தால் வரட்டும். அப்போது ஆள் எழுந்திருக்க வேண்டியதுதான்.

ஐந்தரை:
சைலன்ஸை அலர்ட்மேனேஜரின் வெப் பக்கத்தில் போடுவதென்றால் நேரம் யூடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்). நம் ஞாயிறு அதிகாலை 2 மணி அங்கே சனிக்கிழமை 20:30. தேதியும் மாறுகிறது, பார்த்துப் போடுங்கள்.

டிக்கெட்_ராத்திரி:
வாட்ச்டாக் இருக்கிறது. நல்ல வேளை சொன்னீர்கள். அப்புறம் இன்னொன்று: எங்கள் ஏபிஐயை வாங்கும் ஏஜென்ட்கள் சொந்தமாக மானிட்டர் வைத்திருக்கிறார்கள். மாதக் கணக்கில் 99.9 சதவீத நேரம் ஏபிஐ இயங்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மூத்த_சர்வர்:
30 நாள் மாதத்தில் 99.9 என்றால் மூடிவைக்கக் கையில் இருப்பது 43 நிமிடம். உங்கள் 2 மணி நேரம் ஒன்றே அதை 99.72க்கு இறக்கிவிடும். முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு கணக்கில் சேராது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மானிட்டரில் என்ன வித்தை காட்டினாலும் பிரயோஜனமில்லை.

உங்கள் பக்கம் லோட் பேலன்சரிலிருந்து (கோரிக்கைகளை வாங்கி சர்வர்களுக்குப் பிரித்துவிடுவது) 503 (‘சேவை இப்போது இல்லை’) கொடுங்கள், கூடவே எப்போது திரும்ப முயலலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர். சில இடங்களில் ‘பராமரிப்பில் உள்ளோம்’ என்று அழகான பக்கம் செய்து 200 (‘எல்லாம் சரி’) உடன் அனுப்புவார்கள். ஏஜென்ட்டின் நிரல் அந்த எச்டிஎம்எல்லை ஜேசன் (ஏபிஐ வழக்கமாகப் பதில் தரும் தரவு வடிவம்) என்று நம்பிப் படிக்கப்போய் விழும். மானிட்டரோ பச்சையாகச் சிரிக்கும்.

டிக்கெட்_ராத்திரி:
பார்த்தேன், அந்த வரி இருக்கிறது: 48 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டுமாம். ஞாயிறு அதிகாலை 2 மணி என்றால் வியாழன் மாலையே மெயில் போயாக வேண்டும். அதையும் சொல்லிவிடுகிறேன்.