ஆறு பேர், 1,200 ரூபாய்: வேலூரில் எங்கே சாப்பிடலாம்?

காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வரும் சனிக்கிழமை தோழியின் பிறந்தநாள். ஆறு பேர் சேர்த்து வைத்திருப்பது 1,200 ரூபாய். சாப்பாடும் கடைசியில் ஒரு இனிப்பும் அதற்குள் முடியணும். இரண்டு பேர் சைவம், முட்டை போட்ட கேக்கும் தொடமாட்டார்கள். இரவு எட்டரைக்குள் விடுதி திரும்பணும்.

போன மாதம் காந்தி ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம். பிரியாணியும் கத்தரிக்காயும் அருமை. ஆனால் சைவத்துக்குத் தயிர் சாதம் மட்டும்தான். அவர்கள் இருவரும் பேசாமல் சாப்பிட்டதைப் பார்க்க மனசே கேட்கவில்லை. அப்புறம் ஐஸ்கிரீமுக்கு மட்டும் ஆளுக்கு 150 ஆனது. கல்லூரி வாசல் கடைகளில் விலை சரி, உட்கார இடமில்லை.

அவளுக்கு ஆற்காடு மக்கன் பேடா என்றால் உயிர். விண்டதும் உள்ளே முந்திரி தெரியும், பாகு விரலில் வழியும். ஆளுக்கு ஒன்று கிடைத்தால் கேக்கே வேண்டாம். ஆனால் ஆற்காடு வரை போய்வர அன்று நேரமில்லை.

காட்பாடிக்கும் வேலூர் கோட்டைக்கும் இடையில், சைவம் அசைவம் இரண்டும் நன்றாக இருந்து, பக்கத்திலேயே மக்கன் பேடாவும் வாங்கி, ஆளுக்கு 200 ரூபாய்க்குள் முடிக்க எந்தக் கடைக்குப் போகலாம்?