மாவுக்கட்டு பிரிச்சும் முழங்கை நீள மாட்டேங்குது, எண்ணெய் போட்டு நீவலாமா?

காசிமேட்டுப் பொண்ணு:
தம்பிக்கு 26 வயசு. பைக்ல இருந்து விழுந்து வலது முழங்கையில ரேடியல் ஹெட் (முன்கை எலும்போட மேல்முனை) விரிசல். ஆபரேஷன் இல்ல, 3 வாரம் மாவுக்கட்டு. பிரிச்சு 10 நாள் ஆச்சு. கை நேரா நீளல, சட்டையோட கழுத்துப் பட்டன் போட வரல. எக்ஸ்ரே பார்த்துட்டு அசைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா தெருவுல எல்லாரும் எண்ணெய் போட்டு நீவி ஒரு இழுப்பு இழுக்கச் சொல்றாங்க. தண்ணிக் குடத்தைத் தொங்கவிட்டு நடந்தா நீண்டுடும்னும் சொல்றாங்க. எதைச் செய்யறது?

பிசியோ ராயபுரம்:
ரெண்டும் வேண்டாம்மா. முழங்கையோட முன்பக்கம் மூட்டு உறைக்கு மேலயே பிரேக்கியாலிஸ் தசை ஒட்டிக் கிடக்கு. அடிபட்ட தசையை அழுத்தி நீவினா, வெடுக்குனு இழுத்தா, உள்ள ரத்தம் கசிஞ்சு அந்த இடத்துல எலும்பு வளர ஆரம்பிக்கலாம். அப்புறம் மூட்டு நிஜமாவே பூட்டிக்கும். குடம் தூக்கினாலும் இப்படித்தான்: பாரம் இழுத்ததும் வலிக்குப் பயந்து தசை இறுகிப் பிடிக்குமே தவிர நீளாது.

தம்பியை மல்லாக்கப் படுக்க வைங்க. மேல்கைக்கு அடியில, முழங்கைக்குச் சற்று மேல, சுருட்டின துண்டு. உள்ளங்கை மேல பார்க்கட்டும். முன்கை தன் பாரத்துலயே 5 நிமிஷம் தொங்கட்டும், போகப் போக 10 நிமிஷம். மடக்கறதுக்கு அதே படுக்கையில மேல்கையைக் கூரை பார்க்க நிறுத்தி, முன்கையைத் தோள் பக்கம் சாயவிட்டு, இன்னொரு கையால மணிக்கட்டை மெதுவா 20 விநாடி அழுத்தணும், 10 தடவை. கடைசியா முழங்கையை விலாவோட ஒட்டி, கையில ஒரு கரண்டி பிடிச்சு, உள்ளங்கையை மேலயும் கீழயும் திருப்பணும். ஒரு நாளைக்கு 4 வேளை. முன்னாடி 10 நிமிஷம் வெந்நீர் ஒத்தடம், வீக்கமோ சூடோ இருந்தா ஒத்தடம் வேண்டாம். ஒரு மணி நேரத்துல அடங்கற வலி பரவாயில்ல. மறுநாள் காலையிலயும் வீங்கி இருந்தா முந்தின நாள் அதிகம் பண்ணிட்டீங்க, பாதியாக் குறைங்க.

வண்ணை வாசகர்:
கண்ணளவுல தேறுதான்னு தெரியாது, அளந்து எழுதுங்க. அதே துண்டு, அதே படுக்கை: மணிக்கட்டுக்கும் பாய்க்கும் நடுவுல ஸ்கேல் வச்சு எத்தனை செ.மீ. மடக்கும்போது கட்டைவிரலுக்கும் தோளுக்கும் இடையில எத்தனை விரல்கடை. வாரம் ஒருதடவை போதும், தினம் அளந்தா மனசு சோர்ந்துடும். அன்றாட வேலை பலதுக்கும் 30 டிகிரியில இருந்து 130 வரை (கை முழுசா நேரா இருந்தா 0) ஓடினாலே போதும். கழுத்துப் பட்டன் மட்டும் அந்த 130 பக்கம் போனாத்தான் வரும், அதனால கடைசியாத்தான் வரும்.

பிசியோ ராயபுரம்:
ஒண்ணு விட்டுட்டேன். நீட்டிக்கிட்டே போய் நிக்கிற இடத்தைக் கவனிங்க. ரப்பர் மாதிரி இழுத்தா உறை இறுக்கம், பயிற்சியில விடும். கல்லுல முட்டின மாதிரி டக்குனு நின்னா அழுத்தாதீங்க, திரும்ப எக்ஸ்ரே எடுக்கணும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனா முழங்கையோட உள்பக்கமா ஓடுற அல்னார் நரம்பு நசுங்குதுன்னு அர்த்தம், அன்னைக்கே டாக்டர்ட்ட காட்டுங்க. 4 வாரம் ஒழுங்காச் செஞ்சும் ஸ்கேல் நகரலன்னா ஸ்ப்ளின்ட் (கையை நீட்டிப் பிடிச்சு வைக்கிற பட்டை) பற்றிக் கேளுங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில எலும்பு மருத்துவப் பிரிவு உங்களுக்குப் பக்கம்தானே.

காசிமேட்டுப் பொண்ணு:
இன்னைக்கே அளந்தோம். பாய்க்கு மேல 14 செ.மீ, தோளுக்கு 6 விரல்கடை. எண்ணெய்க் கிண்ணத்தை அம்மா உள்ள எடுத்து வச்சுட்டாங்க.