சாம்பா ஷேரில் கோப்பை மூடிய பிறகும் 30 விநாடி திறந்தே கிடக்கிறது, ஏன்?

கேள்வி:
உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாறியதிலிருந்து இந்தத் தலைவலி. ஒரு லினக்ஸ் பெட்டியில் ஓடும் பைத்தான் ஸ்க்ரிப்ட், பில் பிடிஎஃப்-ஐ சாம்பா ஷேரில் (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்) எழுதி, மூடி, டேட்டாபேஸில் ‘தயார்’ என்று ஒரு வரி போடும். சாம்பா இருக்கும் மெஷினிலேயே ஓடும் ஒரு வொர்க்கர் புரோகிராம், அந்த வரியைப் பார்த்ததும் கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கிறார்களா என்று ஃப்யூசர் கமாண்டில் பார்த்துவிட்டுத்தான் எடுக்கும். இப்போது ‘எஸ்எம்பிடி (சாம்பாவின் சர்வர் புரோகிராம்) பிடித்திருக்கிறது’ என்று பில்கள் தோல்வியாகின்றன. 2 விநாடி ஸ்லீப் போட்டும் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், நான் விண்டோஸில் அந்தப் பிடிஎஃப்-ஐத் திறந்து பார்த்து மூடிவிட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது!

பதில்:
அந்த விண்டோஸ் சங்கதிதான் துப்பு. கர்னல் 5.13-இலிருந்து சிஃப்ஸ் கிளையன்ட்டில் (லினக்ஸில் சாம்பா ஷேரை மவுண்ட் செய்யும் பகுதி) டிஃபர்டு க்ளோஸ், அதாவது மூடுவதைத் தள்ளிப்போடும் வசதி, வந்துவிட்டது. நீங்கள் மூடினாலும், சர்வர் லீஸ் (கோப்பைக் கேச் செய்துகொள்ளும் அனுமதி) கொடுத்திருந்தால் கிளையன்ட் ஹேண்டிலை (சர்வரில் திறந்திருக்கும் கோப்பின் பிடி) உடனே விடாது, மறுபடி திறப்பீர்கள் என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும். 20.04-இல் இருந்தது 5.4, அதனால் அப்போது தெரியவில்லை. வேறொருவர் கோப்பைத் திறந்தால் சர்வர் லீஸை முறிக்கும், கிளையன்ட்டும் கைவசம் வைத்திருந்த ஹேண்டிலை மூடிவிடும். ஃப்யூசர் எஸ்எம்பி (சாம்பா பேசும் நெட்வொர்க் நெறிமுறை) வழியாகப் போவதில்லை, அது பார்த்தால் லீஸ் எதுவும் முறியாது. ஷேரை மவுண்ட் செய்யும் உங்கள் எஃப்எஸ்டேப் வரியை இங்கே போடுங்கள்.

கேட்டவர்:
vers=3.0 எல்லாம் வழக்கம்போலத்தான், கூடவே ‘ஆக்டைமோ=30’ இருக்கிறது. எங்கிருந்தோ காப்பி அடித்தது, வேகமாக இருக்கும் என்றார்கள்.

பதில்:
அதேதான்! 22.04-இல் இருக்கும் கர்னல் 5.15-இல் மூடுவதைத் தள்ளிப்போடும் நேரத்துக்குத் தனி ஆப்ஷன் கிடையாது, ஏசிரெக்மேக்ஸ் (கோப்பின் விவரங்களைக் கேச்சில் வைத்திருக்கும் நேரம்) மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். வழக்கமாக அது 1 விநாடி, ஆக்டைமோ அதை 30 ஆக்கிவிட்டது. கர்னல் 6.0-இல்தான் க்ளோஸ்டைமோ என்று தனியாகப் பிரித்தார்கள். சர்வரில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் (திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் சாம்பா கமாண்ட்) போட்டுப் பாருங்கள், ஸ்க்ரிப்ட் முடிந்த பிறகும் அந்தக் கோப்பு பட்டியலில் நிற்கும்.

கேட்டவர்:
நிற்கிறது அண்ணா, கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாக அரை நிமிடம். அப்போ அந்த நேரத்தில் வொர்க்கர் எடுத்தால் பாதிக் கோப்புதான் வருமா?

பதில்:
வராது. மூடும்போதே எழுதியதையெல்லாம் சர்வருக்கு அனுப்பிவிட்டுத்தான் திரும்பும், தாமதம் ஹேண்டிலுக்கு மட்டும். ஆனால் மூடும்போது பிழை வந்தால் ஸ்க்ரிப்ட் அதைக் கவனிக்கிறதா என்று பாருங்கள், அங்கே கோட்டை விட்டால்தான் உண்மையில் பாதிக் கோப்பு.

இன்னொருவர்:
லீஸே கேட்காத ‘நோலீஸ்’ ஆப்ஷன் போட்டு மவுண்ட் செய்தால் முடிந்தது.

பதில்:
போடலாம், ஆனால் லீஸ் போனால் கேச்சும் போய்விடும். ஒரு எலிக்காகக் களஞ்சியத்தையே கொளுத்த வேண்டாம். என் பரிந்துரை: தற்காலிகப் பெயரில் எழுதி, மூடி, அப்புறம் ரீனேம், அதற்குப் பிறகு ‘தயார்’ வரி. ரீனேமுக்கு முன்னால் கிளையன்ட் தள்ளிவைத்த ஹேண்டிலை மூடியாக வேண்டும். 5.13 புதிதாக வந்தபோது இதிலேயே ஒரு ரேஸ் கண்டிஷன் (எது முந்தும் என்று உறுதியில்லாத பிழை) இருந்தது, மூடும் வேலையை வொர்க்கியூவில் (பின்னணி வேலை வரிசை) போட்டுவிட்டு ரீனேம் முந்திக்கொண்டு போகும், சில நேரம் அனுமதி மறுப்பு என்று திரும்பும். மூடி முடித்த பிறகே ரீனேம் என்று 2021-லேயே திருத்திவிட்டார்கள். ஃப்யூசர் சோதனையைத் தூக்கிவிடுங்கள், யார் திறந்திருக்கிறார் என்பது எழுதி முடிந்ததா என்பதற்குப் பதில் ஆகாது.

கேட்டவர்:
ரீனேம் செய்த கணமே எஸ்எம்பிஸ்டேட்டஸில் காணோம். ஆக்டைமோவையும் எடுத்துவிட்டேன். நேற்று தோல்வியான 14 பில்லும் இப்போது போய்விட்டன.