எகிப்டாலஜி ஒரு படிப்பா, புதையல் தேடுற வேலையா? மகளோட வாக்குவாதம்

ஈசூன்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். என் மக இங்க சிங்கப்பூர்ல ஜூனியர் காலேஜ் ரெண்டாவது வருஷம், ஏ லெவல் பரீட்சை முடிச்சுட்டு லண்டன் போய் எகிப்டாலஜி படிக்கணும்ங்கிறா. நேத்து ராத்திரி சாப்பிடும்போது நான் கேட்டேன், மம்மி பிரமிடெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அத ஒரு பாடமா எப்பலேர்ந்து சொல்லித் தராங்க, யாரோ வெள்ளக்காரங்க தங்கம் தேடிப் போன கததானேன்னு. "தோண்டுறது வேற, இது வேறப்பா"ன்னு சொல்லிட்டு பாதி சோத்தோட எந்திரிச்சுப் போயிட்டா. தேடிப் பாத்தா நெப்போலியன்ல ஆரம்பிச்சு துட்டன்காமுன் முகமூடில போய் நிக்குது. நடுவுல எப்ப இது படிப்பாச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காப்டிக்_பிரியன்:
அண்ணே, உங்க மக சொல்றது சரி. தோண்டுறது பழசு, படிப்பு ஆரம்பிச்சது எழுத்த வாசிச்ச அன்னிக்கு. 1798ல நெப்போலியன் படையோட நூத்தம்பதுக்கு மேல அறிஞர்களும் போனாங்க, மறு வருஷம் ரொசெட்டா கல் கெடச்சுது, ஒரே சேதி எகிப்து எழுத்துலயும் கிரேக்கத்துலயும் இருக்குற கல், அப்பவும் 23 வருஷம் யாராலயும் முழுசா வாசிக்க முடியல. ஷாம்போலியன்னு ஒரு பிரெஞ்சு அறிஞர், அவருக்கு காப்டிக் தெரியும், எகிப்து கிறிஸ்தவங்க கோயில்ல ஓதுற மொழி, பழைய எகிப்து மொழியோட கடைசி வாரிசு. 1822 செப்டம்பர்ல அவர் கைல ஒரு ராஜா பேரு, முதல்ல ஒரு வட்டம், நடுவுல ஒரு குறி, கடைசில ஸ் ஸ்னு ரெண்டு. வட்டம்னா சூரியன், காப்டிக்ல சூரியனுக்கு ரே. நடுக்குறி கிரேக்கத்துல பிறப்புன்னு வர்ற எடத்துல ரொசெட்டா கல்லுல இருக்கு, காப்டிக்ல அதுக்கு மிஸ். ரே, மிஸ், ஸ்... ராம்சேஸ்! எத்தன தடவ படிச்சாலும் எனக்கு இந்த எடத்துல புல்லரிக்கும். 1831ல பாரிஸ்ல அவருக்குன்னே பேராசிரியர் பதவி போட்டாங்க, மறு வருஷமே போயிட்டாரு, வயசு 41.

நம்ம ஊர்லயும் ஒரு கல் இருந்துச்சு அண்ணே. சிங்கப்பூர் ஆத்து முகத்துவாரத்துல ஆள் உசரத்துக்கு மேல, சுமார் 50 வரி எழுத்தோட. 1843ல வெடி வச்சு தகர்த்துட்டாங்க. மிச்சமான துண்டு தேசிய அரும்பொருளகத்துல இருக்கு, பக்கத்துல வைக்க தெரிஞ்ச மொழி எதுவும் இல்லாததால இன்னிவரைக்கும் யாரும் வாசிக்கல. அதப் பாக்குறப்பல்லாம் மனசு வலிக்கும்.

பானைஓடு:
எழுத்து மட்டும் போதாது. அந்தக் காலத்துல எழுத்து இல்லாத பொருள தூக்கி எறிவாங்க, அத நிறுத்துனவரு பெட்ரிங்கிற இங்கிலாந்து தொல்லியல் அறிஞர். எகிப்துல நகாடாங்கிற எடத்துல 1894, 95ல ஆயிரக்கணக்குல கல்லறை தோண்டுனாரு, எதுலயும் எழுத்து கெடையாது, எது முந்தி எது பிந்தின்னு எப்படிச் சொல்றது? சுமார் 900 கல்லறைக்கு, ஒவ்வொன்னுக்கும் ஒரு அட்டத் துண்டு, உள்ள என்னென்ன பானை இருந்துச்சுன்னு அதுல எழுதி, ஒரே மாதிரி பானை கிட்டக்கிட்ட வர்ற வரைக்கும் துண்ட மாத்தி மாத்தி அடுக்குனாரு. அலை மாதிரி கைப்பிடி வச்ச ஜாடி ஒன்னு, முதல்ல நெசக் கைப்பிடி, போகப் போக தேஞ்சு கடைசில வெறும் கோடா ஆயிடும். அத வச்சே வரிசை பிடிச்சாரு. எண்ண 30லேர்ந்து ஆரம்பிச்சாரு, ஏன்னா நாளைக்கு இதவிடப் பழசு கெடச்சா வைக்க எடம் வேணுமே! இதான் அண்ணே படிப்பு. அவருக்கு லண்டன்ல யுசிஎல் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் பதவி கெடச்சது 1892ல, அமேலியா எட்வர்ட்ஸ்னு ஒரு எழுத்தாளரம்மா உயில்ல எழுதி வச்ச பணத்துல. அங்க பாடம் சொல்லிக்குடுத்த மார்கரெட் மர்ரி கல்கத்தால பொறந்தவங்க, மக கிட்ட சொல்லுங்க.

பிடோக்_மீனா:
எல்லாரும் வெள்ளக்காரங்க பேராவே சொல்றீங்க, எனக்கு ஒரு ஆள் சொல்லியே ஆகணும். அகமது கமால், கெய்ரோக்காரர். 1869ல அங்க உள்ளூர் பிள்ளைங்களுக்கு எகிப்டாலஜி சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடம் தொறந்து கொஞ்ச வருஷத்துலயே மூடிட்டாங்க, அதுல படிச்சவர். 1858லேர்ந்து 1952 வரைக்கும் எகிப்து தொல்லியல் துறைக்கு தலைவரா வந்தது பிரெஞ்சுக்காரங்கதான். எகிப்தியருங்களுக்கு இதுல ஆர்வமில்லன்னு அப்போதைய தலைவர் சொன்னப்ப, 65 வருஷமா எங்களுக்கு என்ன வாய்ப்புக் குடுத்தீங்கன்னு கமால் திருப்பிக் கேட்டாராம். 22 தொகுதி அகராதி எழுதினாரு, 1923ல சாகுற வரைக்கும் அது அச்சுல வரல. உங்க மக போனா இவரையும் படிக்கணும், அது என் ஆசை.

பானைஓடு:
மீனா அக்கா சரியாச் சொன்னாங்க. இன்னொன்னு விட்டுப்போச்சு. செங்கடல் கரைல குசேர் அல் காதிம்னு ஒரு பழைய துறைமுகம், அங்க கெடச்ச பானை ஓட்டுல தமிழ் பிராமிங்கிற பழைய தமிழ் எழுத்துல கணன், சாதன்னு பேரு கீறியிருக்கு, கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசிச்சாரு. அதுக்குத் தெக்க பெரெனிக்கேன்னு இன்னொரு பழைய துறைமுகத்துல இந்தியப் பானைல ஏழரை கிலோ கறுப்பு மிளகு அப்படியே இருந்துச்சு, கோயிலுக்குள்ள. பெட்ரி காலத்துக்கு முந்தி மாதிரி ஓட்ட தூக்கி எறிஞ்சிருந்தா சாதன் அங்க போனதே தெரியாமப் போயிருக்கும்.

ஈசூன்_அப்பா:
நன்றிங்க எல்லாருக்கும். எல்லாத்தையும் அவகிட்ட சத்தம்போட்டு வாசிச்சுக் காட்டுனேன். அட்டத் துண்டு கத அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு, அகமது கமால் தெரியல, பேர நோட்டுல எழுதிக்கிட்டா. சாதன்கிற பேரு வந்ததும் திரும்பப் படிங்கன்னா, படிச்சேன். யுசிஎல் விண்ணப்பத்துக்கு என்னென்ன வேணும்னு ரெண்டு பேரும் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கோம். ஞாயித்துக்கெழம முதல்ல அரும்பொருளகத்துல இருக்குற அந்த சிங்கப்பூர் கல்லப் பாக்கப் போறோம், நான் இத்தன வருஷமா இங்க இருந்தும் பாத்ததில்ல.