வேப்பிலையை விரும்பும் ஆடும் மாத்திரையைத் துப்பும் பூனையும்

கேள்வி:
வணக்கம். வேப்பங்கிளையை ஒடித்துக் கட்டினால் எங்கள் வெள்ளாடுகள் ஈர்க்கு மட்டும் மிஞ்சும்படி உருவித் தின்றுவிடுகின்றன. குடற்புழு மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து வைத்தால், பூனையோ ஒருமுறை நக்கியதுமே தலையை உதறி, வாயோரம் நுரை தள்ள விலகிவிடுகிறது. இறைச்சி உண்ணும் பூனைக்குக் கசப்பு எதற்கு? ஆட்டுக்குக் கசப்பே தெரியாதா?

மறுமொழி 1:
ஆட்டுக்கும் கசப்பு தெரியும். ஆனால் அது பொறுத்துக்கொள்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளின் சுவை மொட்டுகளில் கசப்புக்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் மேலுள்ள, கசப்பை உணரும் புரதங்களான கசப்பு ஏற்பிகள் மனிதருக்கு ஏறத்தாழ 25 வகை, கோழிக்கு 3 வகை மட்டுமே. ஒரே செல்லில் பல வகை ஏற்பிகள் சேர்ந்திருப்பதால், நாவில் பட்டது எந்த நஞ்சாக இருந்தாலும் மூளைக்குப் போகும் எச்சரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆனால் கசப்பவையெல்லாம் நஞ்சல்ல. இலை தழைகளில் கசப்பு பரவலாக இருப்பதால், கசந்ததையெல்லாம் ஒதுக்கும் ஆடு பட்டினிதான் கிடக்கும். இறைச்சி உண்ணும் விலங்குக்குக் கசப்பு அரிதாகவே எதிர்ப்படுகிறது. எனவே அதைத் துப்பிவிடுவதால் இழப்பொன்றும் இல்லை. அமெரிக்க உயிரியலாளர் ஜான் கிளெண்டினிங் 1994இல் முன்வைத்த இந்த விளக்கமே உங்கள் கேள்விக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. தழை மேயும் விலங்குகளின் கல்லீரலும் இரைப்பை நுண்ணுயிர்களும் பல நச்சுப்பொருள்களைச் சிதைத்துவிடுவதால், அவற்றுக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகிறது.

மறுமொழி 2:
அதே வேப்பிலையைப் பாலைவன வெட்டுக்கிளி தீண்டுவதில்லை. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பிற மரங்களை மொட்டையடித்த இடத்தில் வேம்பு மட்டும் பசுமையாக நின்றதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கண்டார். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் வெட்டுக்கிளியின் வாயுறுப்புகளிலுள்ள சுவை நரம்புகளைத் தூண்டி, உண்பதையே நிறுத்திவிடுகிறது. பூச்சிகளின் சுவை ஏற்பிகள் நம்முடையவற்றிலிருந்து முற்றிலும் வேறான புரதங்கள். ஈக்களுக்கு அவை கால்களிலும் உள்ளன என்பதால், இலையிலோ பழத்திலோ வந்து அமரும்போதே சுவை தெரிந்துவிடும்.

மறுமொழி 3:
பூனைக்குக் கசப்பு ஏற்பி மரபணுக்கள் 12 இருப்பதையும், அவற்றில் குறைந்தது 7 வகை ஏற்பிகள் செயல்படுவதையும் 2015இல் கண்டறிந்தார்கள். தவளை, பூச்சி போன்ற நச்சுள்ள இரையைத் தவிர்க்க அவை உதவக்கூடும். இரையை மெல்லாமல் விழுங்கும் டால்பின்களோ இந்த ஏற்பிகளை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்டன.

ஒரு வேண்டுகோள்: மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்காதீர்கள். பொடித்தால் கசப்பு நாக்கு முழுதும் பரவும். பாலின் மணத்தையே கசப்போடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு வெறும் பாலையும் பூனை மறுக்கலாம். முழு மாத்திரையை நாக்கின் பின்பகுதியில், தொண்டையை ஒட்டி வைத்து விழுங்கச் செய்யும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.